அவசர எச்சரிக்கை சோதனை: ஒரு போன் ரெண்டு தடவை அலறுது, பக்கத்துல இருக்கிறது வாயே திறக்கல. ஏன்?

நாலுபோன் | 15.09.2023, பிற்பகல் 1.10

இன்னைக்கு மதியம் 12.20 வாக்கில் வந்த அவசர எச்சரிக்கை பற்றி. நாலு போனும் ஒரே மேசையில் இருந்தவை.

1) ஆண்ட்ராய்டு 13, ரெண்டு சிம், வேற வேற கம்பெனி. ரெண்டு தடவை அலறியது, நடுவில் சில நிமிஷம் இடைவெளி.
2) ஐபோன், ஐஓஎஸ் 16, மூணாவது ஒரு கம்பெனி சிம். சத்தமே இல்லை.
3) பழசாக வாங்கிய ஆண்ட்ராய்டு 11. முதல் போனில் இருக்கும் அதே கம்பெனி சிம்தான். ஒண்ணும் வரல.
4) பட்டன் போன், 2ஜி. ஒண்ணும் வரல.

திரையில் "எமர்ஜென்சி அலர்ட்: சிவியர்" என்று தலைப்பு. கீழே ஆங்கிலத்தில், தொலைத்தொடர்புத் துறை அனுப்பும் மாதிரிச் சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று இருந்தது. வாட்ஸப் குழுக்களில் "ஓகே அழுத்தினா பேங்க் கணக்கு காலி" என்று ஓடுது. ஓகே அழுத்தியாச்சு. ரீசெட் பண்ணணுமா? 3-க்கு ஏன் வரல?

கோபுரத்தடி | 1.32

ரீசெட் வேண்டவே வேண்டாம். அது எஸ்எம்எஸ் இல்லை, செல் பிராட்காஸ்ட். டவர் தன் எல்லைக்குள் இருக்கிற எல்லா போனுக்கும் பொதுவாக ஒலிபரப்புகிறது, ரேடியோ மாதிரி. உங்க நம்பர் அதுக்குத் தெரியாது. ஓகே அழுத்தினால் திரையில் இருக்கிற பெட்டி மூடும், அவ்வளவுதான். அந்தத் தட்டல் டவருக்குக்கூடத் திரும்பப் போகாது. போலியை அடையாளம் காண்பது சுலபம். நிஜத்தில் அனுப்புநர் நம்பர் இருக்காது, இன்பாக்ஸில் உட்காராது, எதையும் நிரப்பச் சொல்லாது. நம்பரோடு, லிங்க்கோடு "எச்சரிக்கை" என்று எஸ்எம்எஸ் வந்தால் அதைத் தொடாதீங்க.

1 ஏன் ரெண்டு தடவை: ஒரே செய்தியை டவர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும், அப்போதுதான் நடுவில் வந்து சேர்கிற போனுக்கும் கிடைக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வகை எண், ஒரு வரிசை எண் உண்டு. போன் அந்த ரெண்டையும் பார்த்து, ஏற்கெனவே காட்டியது என்றால் சும்மா விட்டுவிடும். உங்களிடம் ரெண்டு கம்பெனி சிம். ரெண்டும் தனித்தனி ஒலிபரப்பு, அதனால் போனுக்கு அது ரெண்டு செய்தி. கோளாறு இல்லை.

2: இந்தச் சோதனைகள் பகுதி பகுதியாக, கம்பெனி கம்பெனியாக நடக்கின்றன. ஜூலை 20, ஆகஸ்ட் 17, இப்போது இது. ஒரே தெருவில் ஒருத்தருக்கு வந்து அடுத்தவருக்கு வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 3 வேறு கதை. அதே கம்பெனி, அதே மேசை, அப்படியும் வரலைன்னா போனுக்குள்தான் பார்க்கணும்.

அமைதிவிரும்பி | 1.50

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? செட்டிங்ஸ் போய் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. நிம்மதி.

சர்வீஸ்மேசை | 2.04

அப்படிச் சொல்லாதீங்க சார். புயல் கரையைத் தொடும் ராத்திரியில் எஸ்எம்எஸ் வரிசையில் நின்று வரும், இது நிக்காது. அதுக்காகத்தான் இந்த ஏற்பாடே.

பார்க்க வேண்டிய இடம். ஆண்ட்ராய்டு: செட்டிங்ஸ், அதில் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி, அதுக்குள் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ். சில போன்களில் மெசேஜஸ் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும். கிடைக்கலைன்னா செட்டிங்ஸ் மேலே தேடல் பெட்டியில் "எமர்ஜென்சி அலர்ட்" என்று ஆங்கிலத்தில் அடிங்க, தமிழில் வைத்திருந்தால் "அவசர" போதும். ஐபோன்: செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், கடைசி வரை கீழே உருட்டணும்.

அங்கே டெஸ்ட் அலர்ட்ஸ் தனி ஸ்விட்ச். அதை மட்டும் அணைக்கலாம், மற்றதைத் தொடாதீங்க. ஆனால் ஒரு சிக்கல்: உங்களுக்கு வந்த தலைப்பில் "டெஸ்ட்" இல்லை, "சிவியர்". போன் உள்ளே இருக்கும் வாசகத்தைப் படிப்பதில்லை, வகை எண்ணைத்தான் பார்க்கும். 4370 உச்ச நிலை, அடுத்து 4378 வரை எக்ஸ்ட்ரீம், சிவியர் வகைகள், 4380 சோதனை. சோதனைச் செய்தியையே சிவியர் எண்ணில் அனுப்பினால் டெஸ்ட் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் அலறும். "டெஸ்ட் ஆஃப் பண்ணியும் வந்துச்சு" என்று புலம்புகிறவர்களுக்கு விடை இது.

அந்தப் பக்கத்திலேயே எமர்ஜென்சி அலர்ட் ஹிஸ்டரி இருக்கும். 3-வது போனில் திறந்து பாருங்க. அங்கே செய்தி இருந்தால் வந்திருக்கிறது, சத்தம்தான் வரல. இல்லைன்னா வரவே இல்லை.

நாலுபோன் | 2.21

3-ல் தேடினால் அந்தப் பக்கமே இல்லை. "எமர்ஜென்சி" என்று அடித்தால் எஸ்ஓஎஸ் மட்டும் வருது.

சர்வீஸ்மேசை | 2.29

அப்போ பழைய சொந்தக்காரர் கைவரிசை. போனை இலகுவாக்கறேன்னு கம்ப்யூட்டரில் செருகி சிஸ்டம் ஆப்களை நீக்கும் பட்டியல்கள் இணையத்தில் சுத்துது. அதில் பலதில் செல் பிராட்காஸ்ட் ரிசீவரும் இருக்கும், "தேவையில்லாதது" என்ற குறிப்போடு.

செட்டிங்ஸ், ஆப்ஸ், மேலே மூணு புள்ளி, ஷோ சிஸ்டம். பட்டியலில் "வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்" அல்லது "செல் பிராட்காஸ்ட்" என்று ஏதாவது இருக்கா? டிசேபிள்டு என்று இருந்தால் எனேபிள் அழுத்தி ரீஸ்டார்ட். பெயரே இல்லைன்னா ஃபேக்டரி ரீசெட். அந்த வழியில் நீக்கியது அந்தப் பயனருக்கு மட்டும்தான், மூலம் சிஸ்டம் பகுதியில் இருப்பதால் ரீசெட்டில் திரும்ப வந்துவிடும். ரூட் செய்து, அதாவது சிஸ்டம் பகுதியையே மாற்றும் உரிமை எடுத்து, அழித்திருந்தால் மட்டும் ஃபர்ம்வேரையே, போனின் மூல மென்பொருளையே, திரும்ப ஏத்தணும். பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீங்க.

தமிழெழுத்து | 2.40

இடையில் புகுவதற்கு மன்னிக்கணும். ஏன் ஆங்கிலத்தில் மட்டும்? கடலுக்குப் போறவங்களுக்குத் தமிழில்தானே வரணும்.

கோபுரத்தடி | 2.58

தமிழில் அனுப்ப முடியும், ஆனால் இடம் குறுகும். ஒரு பக்கத்துக்கு 82 பைட், அதிகபட்சம் 15 பக்கம். ஆங்கிலத்தில் பக்கத்துக்கு 93 எழுத்து. தமிழ் யூனிகோடில் ஒரு குறிக்கு 2 பைட், ஆக சுமார் 40 குறிதான். அதிலும் நமக்கு, க, ம மாதிரி அகர எழுத்து தவிர, உயிர்மெய்க்கு ரெண்டு குறி. "கொடுமுடி" கண்ணுக்கு 4 எழுத்து, கணக்கில் 8. அதனால் "பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று நீட்டாமல் "மேடான இடத்துக்குப் போங்க" என்று எழுதுகிற ஆள் வேணும்.

ஏப்ரல் 23-ல் பிரிட்டன் நாடு முழுக்கச் சோதித்தபோது, வேல்ஸ் மொழிச் செய்தியில் "பத்திரமாக" என்ற சொல்லே திரிந்து "வோகல்" என்று போயிற்று. ஆட்டோகரெக்ட் வேலை. ஒரு நெட்வொர்க்கில் பலருக்குச் செய்தியே போகவில்லை. சோதனை எதுக்கு என்பதற்கு அது போதும்.

மறைபோன் | 3.15

எல்லாத்தையும் ஆஃப் பண்ண நியாயமான காரணம் ஒண்ணு உண்டு. வீட்டு வன்முறைக்கு ஆளாகி, தெரியாமல் ரெண்டாவது போன் வைத்திருப்பவர்கள். சைலண்டில் இருந்தாலும் பல போன்களில் இது கத்தும், போன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனில் சோதனைக்கு முன்பே இதை வெளிப்படையாக அறிவித்தார்கள். அவங்க அலர்ட் ஸ்விட்ச் அத்தனையும் அணைக்கலாம், அல்லது போனையே அணைத்து வைக்கலாம். ஃப்ளைட் மோடிலும் வராது. வைஃபை ஆனில் இருந்தாலும் சரி, இது டவர் வழியாக மட்டும்தான் வரும்.

நாலுபோன் | 4.47

3-ல் ஷோ சிஸ்டம் போட்டதும் செல் பிராட்காஸ்ட் என்று சாம்பல் நிறத்தில் கிடந்தது, டிசேபிள்டு. எனேபிள் பண்ணி ரீஸ்டார்ட் செய்ததும் அந்தப் பக்கம் வந்துவிட்டது. எக்ஸ்ட்ரீம், சிவியர் ரெண்டும் ஆன். ஹிஸ்டரி காலி. ஐபோனில் எல்லாம் ஆனில்தான் இருந்தது, அடுத்த சுற்றில் பார்த்துக்கறேன். பட்டன் போன் மட்டும் பாக்கி.

கோபுரத்தடி | 5.05

பட்டன் போனில் மெசேஜ் மெனுவுக்குள் "பிராட்காஸ்ட்" அல்லது "செல் இன்ஃபோ" இருக்கும். முன்பு திரையில் ஏரியா பெயர் வருமே, 50-ம் சேனல், அந்த இடம்தான். ரிசீவ் ஆன் பண்ணுங்க. ஆனால் பழைய மாடல்கள் பலதில் 999-க்கு மேல் சேனல் எண்ணே ஏத்தாது, அதில் 4370 போட வழியில்லை. எண்ணை ஏற்றுக்கொண்டாலும் சாதாரண மெசேஜ் டோன்தான், அலறாது. பேசிக்கொண்டிருக்கும்போது 2ஜி-யில் பிராட்காஸ்ட் காதில் விழாது. அந்த போனை நம்ப வேண்டாம். அதை வைத்திருப்பவர் பக்கத்தில் 1-வது போன் இருக்கட்டும், பட்டன் போனிலேயே 1070 (மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை) ரெண்டையும் சேமித்து வைங்க.