பயாஸ் தப்பால் ரேம் குறைகிறது, கெர்னல் அதை எங்கே சொல்ல வேண்டும்?

ஒத்தக்கடைக்காரன்:
டவுன்ஹால் ரோடு பக்கம் வாங்கிய பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், 64 பிட் லினக்ஸ். ஆனால் 3 ஜிபிகூட முழுசாகக் காட்டவில்லை. ரேமைக் கழற்றி மாட்டி, ஸ்லாட் மாற்றி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் டிமெசேஜ் பதிவில் தேடினால், பயாஸ் (போர்டிலேயே இருந்து மிஷினைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) பக், எம்டிஆர்ஆர் மொத்த மெமரிக்கும் போடப்படவில்லை, 1024 எம்பி போகிறது என்று ஒரே ஒரு வரி! கால்வாசி ரேம் காணாமல் போவதை இப்படியா மூலையில் எழுதி வைப்பார்கள்? ஸ்கிரீனில் காட்ட வேண்டாமா?

வைகைக்கரை:
கெர்னல் செய்தது சரிதான் அண்ணே. எந்த மெமரிப் பகுதியை கேஷ் பண்ணலாம் (வேகத்துக்காகத் தனக்குள் நகல் வைக்கலாம்) என்று பிராசஸருக்குச் சொல்வது எம்டிஆர்ஆர், அதை நிரப்புவது பயாஸ் வேலை. 4 ஜிபி முகவரிக்கு மேலே தள்ளி வைத்த ரேமை அது விட்டுவிட்டால் அந்தப் பகுதி கேஷே இல்லாமல் ஓடும், மிஷின் நத்தை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கெர்னல் அந்தத் துண்டையே வெட்டிவிடுகிறது. டிஸேபிள்_எம்டிஆர்ஆர்_ட்ரிம் என்று கெர்னலைத் தொடங்கும் பூட் லைனில் கொடுத்தால் வெட்டாது, ஆனால் அப்புறம் ஸ்லோ என்று இங்கே வந்து கேட்கக் கூடாது.

திருமங்கலம் சர்வீஸ்:
ஸ்கிரீனில் காட்டச் சொல்கிறவர்கள் ஒரு நாள் என் கடையில் வந்து உட்காருங்கள். பூட் ஆகும்போது ஏசிபிஐ (பவர், ஹார்ட்வேர் பற்றி பயாஸ் தரும் விவரம்) எரர் ரெண்டு வரி ஓடினாலே போர்டு போச்சு என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள், லேப்டாப் நன்றாகத்தான் இருக்கும். பல கம்பெனிகள் விண்டோஸில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவதால்தான், எந்த ஓஎஸ் என்று போர்டு கேட்டால் லினக்ஸும் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது. இந்த லட்சணத்தில் எல்லாப் பிழையையும் காட்டினால் எவன் லினக்ஸ் போடுவான்?

ஒத்தக்கடைக்காரன்:
எல்லாவற்றையும் கேட்கவில்லையே. எனக்கு நஷ்டம் உள்ளதை மட்டும் சொல்லட்டும்.

வைகைக்கரை:
அது நியாயம். ஃபர்ம்வேர் (பயாஸ் மாதிரி போர்டு மென்பொருள்) பக் என்று தனி முன்னொட்டு போட்டுத்தான் கெர்னல் பல வரிகளை எழுதுகிறது, சில கோளாறுகளைச் சமாளித்து ஓடும்போது கோளாறுகளைக் குறித்து வைக்கும் டெயின்ட் எண்ணில் 2048-ஐயும் சேர்த்துக்கொள்கிறது. ஆக, பிரித்தெடுக்க வழி இருக்கிறது. அதில் ரேம் குறைவது மாதிரி ஆளைப் பாதிப்பதை மட்டும் டெஸ்க்டாப் ஒரு தடவை சொன்னால் போதும், போர்டு மாடலையும் பயாஸ் தேதியையும் சேர்த்து. அதைக் காட்டி கம்பெனியில் சண்டை போடலாம்.

திருமங்கலம் சர்வீஸ்:
சரி, ஒரு தடவை என்றால் ஒத்துக்கொள்கிறேன். முதலில் அந்த போர்டுக்குப் புது பயாஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யுபிஎஸ்ஸில் வைத்து ஃப்ளாஷ் பண்ணுங்கள், மாதப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துகிற நாளில் வேண்டாம்.