ஓமவல்லியா, கற்பூரவல்லியா? பெயர்ப்பலகைக்கு ஒரு பெயர் வேண்டும்

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். செடிகளுக்கு நான்கு மொழியிலும் பெயர்ப்பலகை வைப்பதென்று முடிவாகி, தமிழை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கறிவேப்பிலை, வல்லாரை, கீழாநெல்லி எல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஒரே ஒரு செடியிடம் வந்து நின்றுவிட்டேன்.

தடித்த இலை, மேலே பூனைமயிர் மாதிரி மெல்லிய ரோமம், ஓரமெல்லாம் பல். காம்பை மடக்கினால் வெள்ளரிப்பிஞ்சு போல டக்கென்று ஒடியும். விரலில் ஒட்டிய வாசனை சோப்பு போட்டாலும் லேசில் போகாது. அம்மா இதை ஓமவல்லி என்பார். எங்களுக்குச் சளி பிடித்தால் தோசைக்கல்லைச் சூடாக்கி இலையை வாட்டுவார். ஓரம் சுருண்டு, பச்சை மங்கி, இலை துணி மாதிரி துவண்டதும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிழிவார். நாலு இலைக்கு ஒரு சின்னக் கரண்டி சாறு வந்தாலே அதிகம். அதில் தேனைக் குழைத்து நாக்கில் தடவுவார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. தோட்டத்தில் இருப்பது அவர் தொட்டியிலிருந்து ஒடித்து வைத்த கிளை.

கல்யாணமாகி வந்த வீட்டில் இதே செடிக்குப் பெயர் கற்பூரவல்லி. பெரும்பாலோர் அப்படித்தானே சொல்கிறார்கள் என்று பலகையிலும் கற்பூரவல்லி என்றே எழுதினேன். ஒருவர் பார்த்துவிட்டு, "அது வாழைப்பழம் ஆச்சே" என்றார். இன்னொருவர் "வள்ளி என்றுதான் எழுத வேண்டும்" என்றார். வாழைப்பழம் என்றவரை மறுக்கவும் முடியவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் மகளிடம், தேக்கா சந்தையில் கற்பூரவல்லி வாங்கி வா என்றேன். அவள் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து நின்றாள். கடைக்காரர் மேல் தப்பில்லை, அதுவும் கற்பூரவல்லிதான்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. நேற்று சாமி மாடத்தில் சூடன் ஏற்றும்போது இந்த இலை ஒன்றையும் கசக்கி மாறி மாறி முகர்ந்து பார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இலையில் வருவது ஓமம். அப்படியிருக்க இதற்குக் கற்பூரம் என்று யார் பெயர் வைத்தார்கள், ஏன்? சரியான பெயரைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நாளைக்குப் பிள்ளைகள் அதைத்தானே படிப்பார்கள்.

தேனிக்காரன் எழுதியது:

அக்கா, வாழையும் கற்பூரவல்லிதான், செடியும் கற்பூரவல்லிதான். எங்கள் ஊரில் யாரும் குழம்புவதில்லை. பழக்கடையில் கேட்டால் பழம், வைத்தியத்துக்குக் கேட்டால் இலை. பழம் சின்னதாக, தோலில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், தித்திப்பு அதிகம். இங்கே மலாய்க்காரர்கள் பீசாங் அவாக் என்பது அந்த வகையைத்தான். அதிலும் கற்பூர மணம் கிடையாது, கவனித்தீர்களா?

ஆய்வுக்கூடம் எழுதியது:

உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. இந்த இலையின் எண்ணெயில் இருப்பவை கார்வக்ரால், தைமால் என்ற மணப்பொருள்கள். ஓமத்தின் வாசனைக்கும் தைமால்தான் காரணம். ஆகவே ஓமவல்லி என்று வைத்தவர் முகர்ந்து பார்த்து வைத்திருக்கிறார்.

மற்ற மொழிகளில் இதற்கு இருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் கியூபா ஆரிகானோ, மெக்சிகோ புதினா, இந்தியன் போரேஜ். மூன்றும் மூன்று நாட்டைக் காட்டுகின்றன. 1790இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லூரேரோ என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் 'அம்போன் தீவினது' (இந்தோனேசியாவில் இருக்கிறது) என்று பொருள்படும்படி அம்போய்னிகஸ் என்றார். ஆனால் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் இது காட்டுச்செடியாகவே வளர்கிறது. எனக்குப் பிடித்த பெயர் மலையாளத்தில் இருக்கிறது, பனிக்கூர்க்கை. பனி என்றால் அங்கே காய்ச்சல். கூர்க்கை நம் திருநெல்வேலிச் சிறுகிழங்கு. இரண்டும் ஒரே பேரினம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாயல் தெரியும். காய்ச்சலுக்கு ஆகும் கூர்க்கை என்று எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார்கள்!

சுண்ணாம்புக்கம்பம் எழுதியது:

அம்மா, கற்பூரம் என்ற சொல்லையே கொஞ்சம் தூரம் பின்தொடர்ந்து போனால்தான் உங்கள் கேள்விக்கு வழி பிறக்கும். நான் வளர்ந்தது கம்போங் காப்பூர் பக்கம். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை அப்பா ஒருநாளும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார். கம்பம் என்றால் இங்கே கம்போங், மலாயில் கிராமம். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. பக்கத்தில் கோயில், அங்கே கற்பூர ஆராதனை, அதனால்தான் காப்பூர் என்று சிறுவயதில் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் திருத்தினார். மலாயில் காப்பூர் என்றால் சுண்ணாம்பு, வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அது.

பிறகு பள்ளியில் மலாய் ஆசிரியர் காப்பூர் பாருஸ் என்றார். அது கற்பூரம்! பாருஸ் என்பது சுமத்ராவின் மேற்குக் கரைத் துறைமுகம். காட்டில் பெரிய மரத்தைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் படிகமாக இருப்பதை எடுத்து அந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். நம் வணிகர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி. பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டுக்குரியது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. அதில் ஊரின் பெயர் வரோசு. நாம் வடமொழியிலிருந்து கற்பூரம் என்ற சொல்லைப் பெற்றோம், அந்த வடமொழிச் சொல்லுக்கே மூலம் இந்தத் தீவுகளின் காப்பூர்தான் என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. தினம் நடந்து போன தெருவின் பெயரும் அம்மன் முன்னால் எரிவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அது எவ்வளவு அருமையான சரக்கு என்றால், மலேசியாவின் ஜொகூர்க் காடுகளில் அதைத் தேடிப் போன ஜக்குன் பழங்குடி மக்கள் திரும்பும்வரை வழக்கமான சொற்களைப் பேசமாட்டார்கள். அதற்கென்று தனி மொழியே வைத்திருந்தார்கள், பந்தாங் காப்பூர் என்று. வழக்கமான பேச்சைப் பேசினால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை.

அப்படிக் கடல் தாண்டி வந்ததை நம்மவர்கள் முதலில் கொளுத்தவில்லை. தாம்பூலத்தில் வைத்தார்கள், சந்தனத்தில் குழைத்தார்கள். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் இன்றும் இருக்கிற பச்சைக் கற்பூரம் அந்த வழக்கத்தின் மிச்சம். ஆண்டாள் வெண்சங்கிடம் கேட்கிறாள், "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று. கண்ணன் வாயின் மணத்துக்கு ஒப்புச் சொல்ல அவளுக்குக் கிடைத்தவை தாமரையும் கற்பூரமும். (நாறுமோ என்றால் மணக்குமோ. இன்று நாறுகிறது என்றால் மூக்கைப் பொத்துகிறோம். அந்தச் சொல் கீழே இறங்கிவிட்டது.)

என் கருத்து இதுதான். மணத்துக்கெல்லாம் அளவுகோலாகக் கற்பூரம் இருந்த காலத்தில், வாசனையுள்ள எதற்கும் அதைப் பட்டமாகச் சூட்டினார்கள். எலுமிச்சை மணம் வீசும் புல்லை, மலாயில் செராய் என்பதை, தமிழில் கற்பூரப்புல் என்போம். அதில் எங்கே கற்பூரம்? கற்பூர வெற்றிலை, தம்பி சொன்ன வாழை, எல்லாம் இந்தக் கணக்குத்தான். உங்கள் செடியும் அப்படிப் பட்டம் பெற்றது. இன்றைக்குக் கற்பூரம் என்றால் தட்டில் எரியும் வில்லை என்று சுருங்கிப்போனதால்தான் பெயர் பொருந்தாதது போலத் தெரிகிறது. அந்த வில்லையும் பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து செய்வது, பாருஸ் மரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

வல்லி, வள்ளி இரண்டும் கொடியைக் குறிப்பவை. வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்பதில் இருப்பது பழந்தமிழ் வள்ளி. ஆனால் இந்தச் செடிக்கு வல்லி என்றே எழுதிப் பழகிவிட்டோம். இதில் சண்டை வேண்டாம்.

மூன்றாம்மாடி எழுதியது:

ஐயா, இரண்டு தடவை படித்தேன். பேருந்தில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து மகளுக்கு வாசித்துக்காட்டி ஒரு தடவை. கற்பூரம் பட்டம் என்று நீங்கள் சொன்ன பிறகு அந்தப் பெயர் மேல் எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். பலகையில் மலாய்ப் பெயரை எழுதியவர் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் எழுதியது பாங்குன் பாங்குன். பாங்குன் என்றால் எழுந்திரு என்று நமக்குத் தெரியும், செடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "பிள்ளை பெற்றவள் இதைச் சாப்பிட்டால் எழுந்து நடப்பாள்" என்றார். அவருடைய பாட்டி சொன்னதாம்.

சுண்ணாம்புக்கம்பம் எழுதியது:

வட சுமத்ராவில் பாத்தாக் இனப் பெண்கள் பிள்ளை பெற்றதும் பால் சுரக்க இந்த இலையைத்தான் குழம்பாக வைத்துச் சாப்பிடுகிறார்கள். பாருஸ் இருப்பதும் அங்கேதான். காட்டிலிருந்து கற்பூரத்தைக் கரைக்குக் கொண்டுவந்தவர்களும் பாத்தாக் மக்கள். செடிக்கு அவர்கள் கற்பூரத்தின் பெயரை வைக்கவில்லை, நாம் வைத்தோம். மரத்தை வீட்டருகில் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை போலும்.

மூன்றாம்மாடி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். மேலே ஓமவல்லி, அதன் கீழே அதே அளவு எழுத்தில் கற்பூரவல்லி. ஓமவல்லி மேலே வருவதற்குக் காரணம் அம்மா. வாசனையும் அந்தப் பக்கம்தான். தோட்டக் குழுவில் ஒரு மொழிக்கு ஒரு வரிதான் என்றார்கள். மாக்சிக் தன் வரியைச் சிறிதாக்கி எனக்கு இடம் விட்டார்.

தேனிக்காரன் எழுதியது:

அக்கா, எனக்கு ஒரு கிளை கிடைக்குமா? என் தொட்டியில் இருந்தது தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது.

மூன்றாம்மாடி எழுதியது:

ஞாயிறு எட்டரைக்குள் வாங்க தம்பி, அப்புறம் வெயில் ஏறிவிடும். நுனியில் நாலு விரல் நீளம் ஒடித்துத் தருகிறேன். மண்ணில் மணல் கலந்து குத்தி வையுங்கள், முதல் வாரம் நிழல். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.