ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம்: விடுவதா, தொடர்வதா?

மழைக்கால வெயில்:
வயது 50. மாதவிடாய் நின்று பதினாலு மாதம் ஆகிறது. பகலில் ஏழெட்டு தடவை கழுத்திலிருந்து உச்சந்தலை வரை குபீரென்று சூடு ஏறும், இரவில் வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்திருப்பேன், இப்படியே நாலு மாதம் தூக்கம் கெட்டு, கூட வேலை பார்ப்பவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்து, கடைசியில்தான் மகளிர் மருத்துவரிடம் போனேன். காலையில் எஸ்ட்ரடையால் என்ற எஸ்ட்ரோஜன் ஹார்மோன் 1 மில்லிகிராம், இரவில் புரோஜெஸ்டிரான் 100 மில்லிகிராம் கொடுத்தார்.

சூடு மூன்றாவது வாரத்திலேயே பாதியாகிவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் மார்பு தொட்டாலே வலிக்கிறது, வயிறு உப்பலாகவே இருக்கிறது, நடுநடுவே லேசாக ரத்தம் படுகிறது. ராத்திரி சாப்பிட்டதும் அந்த மாத்திரையைப் போட்டால் மறுநாள் பத்து மணி வரை தலை மந்தமாக இருக்கிறது. அதனால் பத்து நாளாக அதை மட்டும் விட்டுவிட்டேன், காலை மாத்திரை போகிறது. இதற்கு நடுவில் என் நாத்தனார் "புற்றுநோய் வரும், மொத்தத்தையும் தூக்கிப் போடு" என்று தினமும் போன் செய்கிறார். தைராய்டு மாத்திரையும் பல வருடமாகச் சாப்பிடுகிறேன். நேற்றிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்ற யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாதித்தூக்கம்:
எனக்கும் முதல் இரண்டு மாதம் இதே கதைதான், படி இறங்கினால்கூட மார்பு வலிக்கும். மூன்றாவது மாதம் எப்போது சரியானது என்றே தெரியாமல் சரியாகிவிட்டது. ரத்தம் படுவதும் முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரை இருக்கும் என்றார்கள். அதைத் தாண்டியும் படுகிறது, அல்லது சுத்தமாக நின்று கொஞ்ச நாள் கழித்து மறுபடி வருகிறது என்றால் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும்.

வாந்தி வருவது போலவே இருந்ததால் எனக்கு எஸ்ட்ரோஜன் மாத்திரையை நிறுத்திவிட்டு பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு, இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் இடம் மாற்ற வேண்டும், மார்பில் ஒட்டவே கூடாது. ஒட்டிய இடம் சிவந்து அரித்தது தனிக் கொடுமை. இப்போது தோலில் தடவும் ஜெல்லில் வந்து நிற்கிறேன், பிரச்சினை இல்லை. ஏழு வாரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள், மூன்று மாதமாவது பாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி:
மழைக்கால வெயில், உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா? எடுக்கவில்லை என்றால் நீங்கள் விட்டது விடக்கூடாத பாதியை அம்மா! எஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், நாளாக நாளாக அது புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரான். பத்து நாளில் எதுவும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு இதை மறைக்காமல் சொல்லுங்கள். நாத்தனாருக்குப் பயந்து செய்தீர்களோ இல்லையோ, அவர் பயப்படும் விஷயத்துக்கு நீங்களே வழி திறந்திருக்கிறீர்கள்.

மந்தத்துக்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சாப்பிட்டதும் போடுகிறீர்கள். சாப்பாட்டோடு போனால் அந்த மாத்திரை ரத்தத்தில் கூடுதலாக ஏறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் போகட்டும், படுக்கும்போது போட்டால் அந்தத் தூக்கக் கலக்கமே உங்களுக்கு உதவியாகிவிடும். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற, புரோஜெஸ்டிரான் வேலையைச் செய்யும் ஹார்மோன் உள்ள காயிலைக் (கருத்தடைக்கும் வைக்கும் சின்னச் சாதனம்) கர்ப்பப்பைக்குள் வைத்து, எஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கலாம்.

புற்றுநோய் பயம் பெரும்பாலும் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் 10,000 பேருக்கு வருடத்துக்கு 8 பேர் அதிகமாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். ஆக ஆபத்து பூஜ்யம் இல்லை, வருடம் கூடக் கூட அதுவும் கூடும். ஆனால் 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்கு, வேறு தடை ஏதும் இல்லையென்றால், பொதுவாகப் பலன் பக்கமே தராசு சாய்கிறது.

அப்புறம் தைராய்டு. வாய்வழி எஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் கூடும், அதனால் பழைய அளவு மாத்திரை போதாமல் போகலாம். சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமா என்று பார்க்க டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பேட்சில் இந்தத் தொல்லை இல்லை, ரத்தக்கட்டி ஆபத்தும் மாத்திரையைவிடக் குறைவு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்றாம் பெஞ்ச்:
எல்லோரும் "எடுத்துக்கோ, ஒன்றும் ஆகாது" என்கிற தொனிக்குப் போகிறீர்கள், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து போனது, இந்தக் கதவே எனக்குச் சாத்திவிட்டது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு, ரத்தக்கட்டி, கல்லீரல் நோய் உள்ளவர்களும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஹார்மோன் இல்லாத வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சூட்டுக்காகக் கொடுத்தார்கள், சூடு முழுதாகப் போகவில்லை, ஆனால் தூங்க முடிகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள், அதே மனச்சோர்வு மருந்து வகையான பாராக்சிடின் பக்கம் போகாதீர்கள், டமாக்சிஃபெனின் வேலையையே அது கெடுக்கும். "இயற்கை" என்று எழுதி விற்கும் பிளாக் கோஹாஷ் மூலிகை மாதிரியான சமாச்சாரத்தையும் மருத்துவருக்குத் தெரியாமல் விழுங்காதீர்கள், கல்லீரல் கெட்டுப்போனவர்கள் உண்டு.

ஓய்வுபெற்ற செவிலி:
மூன்றாம் பெஞ்ச் சொல்வது சரி. தடை உள்ளவர்களை நான் ஒரே வரியில் தாண்டிவிட்டேன்.

மழைக்கால வெயில்:
கர்ப்பப்பை இருக்கிறது. படித்ததும் கை நடுங்கிவிட்டது, உடனே போன் செய்தேன். மருத்துவர் திட்டவில்லை, ஆனால் "இனிமேல் விடுவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டு விடுங்கள்" என்றார். இன்று இரவே புரோஜெஸ்டிரானை மறுபடி ஆரம்பிக்கிறேன், படுக்கப் போகும்போதுதான். காலை மாத்திரைக்குப் பதில் பேட்ச். டிஎஸ்எச் பார்க்க எழுதியிருக்கிறார். ஆறு வாரம் கழித்தும் ரத்தம் பட்டால் ஸ்கேன். நாத்தனாரிடம் இன்னும் பேசவில்லை, அது தனி வேலை.

பாதித்தூக்கம், குளித்தால் பேட்ச் கழன்று வந்துவிடுமா?

பாதித்தூக்கம்:
வராது. எண்ணெயோ க்ரீமோ பட்ட தோலில் மட்டும் ஒட்டாதீர்கள், ஒட்டியதும் பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். எடுத்த பேட்சை உள்பக்கமாக மடித்துப் போடுங்கள், அதில் இன்னும் மருந்து இருக்கும், குழந்தைகள் கையில் சிக்கக் கூடாது.