ஸ்லைடு, முகம், குரல் மூன்றும் சேர்த்துப் பதிவு: திரை கருப்பாக வருகிறது, குரல் முந்துகிறது. உதவி தேவை

பாடக்குறிப்பு:
வணக்கம். பவர்பாயிண்ட் ஸ்லைடுகளை ஓட்டிக்கொண்டே பேசி, மூலையில் என் முகமும் தெரிகிற மாதிரி பாட வீடியோக்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் வரும். விண்டோஸ் 11 லேப்டாப், திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டுடியோ. இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முழுத் திரையையும் பிடிக்கும் டிஸ்ப்ளே கேப்சர் போட்டால் வெறும் கருப்புதான். ஒரு சாளரத்தை மட்டும் பிடிக்கும் விண்டோ கேப்சர் போட்டால் ஸ்லைடு ஷோ வராமல், எடிட் செய்யும் பக்கமே பதிவாகிறது.

அடுத்தது, குரல் முன்னே போகிறது, உதடு பின்னே வருகிறது. தொடக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. முடிவில் பார்க்கச் சகிக்காது. குரலை முன்பின் நகர்த்தும் சிங்க் ஆஃப்செட்டில் எண்ணை மாற்றிப் பார்த்தாயிற்று. முன்பகுதி சரியானால் பின்பகுதி கெடுகிறது.

நிழல்உரு:
கருப்புத் திரைக்கு முதலில் சொல்கிறேன். உங்கள் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கும். திரையை ஒன்று ஓட்ட, ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடினால் இப்படித்தான் வரும். விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் ஓபிஎஸ்-ஐச் சேர்த்து 'பவர் சேவிங்' கொடுங்கள். ஓபிஎஸ்-ஐ மூடித் திறங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டிஸ்ப்ளே கேப்சரின் ப்ராபர்ட்டீஸில் கேப்சர் மெத்தடை 'விண்டோஸ் 10' என்று இருப்பதற்கு மாற்றுங்கள்.

ஆனால் பாட வீடியோவுக்கு விண்டோ கேப்சர்தான் நல்லது. நடுவில் யாராவது அனுப்பும் செய்தி திரையில் எட்டிப் பார்த்தாலும் பதிவில் வராது. பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ, செட் அப் ஸ்லைடு ஷோ போய் 'ப்ரௌஸ்டு பை அன் இண்டிவிஜுவல்' தேர்ந்தெடுங்கள். ஷோ முழுத்திரையாக விரியாமல் ஒரு சாளரத்துக்குள்ளேயே ஓடும். ஷோவைத் தொடங்கிய பிறகு அந்தச் சாளரத்தைப் பிடியுங்கள்.

கடைசிபெஞ்ச்:
இவ்வளவு பாடு எதற்கு? பவர்பாயிண்டிலேயே ரெக்கார்ட் இருக்கிறதே. முகமும் வரும், குரலும் வரும். பேச்சு ஸ்லைடு வாரியாகச் சேமிக்கப்படுவதால், உளறிய ஸ்லைடை மட்டும் திரும்பப் பேசினால் போதும்.

ஒலிப்பெட்டி:
அது உண்மைதான், தனித்தனி ஸ்லைடாகப் பேசுபவர்களுக்கு அதையே நானும் சொல்வேன். ஆனால் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்த நொடியில் அது குரலைப் பதிவு செய்யாது. மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே கிளிக் செய்கிற ஆசிரியர்களுக்கு வார்த்தை நறுக்கென்று வெட்டுப்படும்.

பாடக்குறிப்பு, உங்கள் இரண்டாவது சிக்கல் பார்க்க ஒன்று போல இருந்தாலும் அதற்குள் இரண்டு நோய் இருக்கலாம். வெப்கேம் படம் கணினிக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும், குரல் சீக்கிரம் வந்துவிடும். இது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு இருக்கும். ஆஃப்செட் அதற்கு மட்டும்தான் மருந்து. போகப் போகக் கூடுகிற இடைவெளி வேறு. மைக்குக்கும் கணினிக்கும் தனித்தனிக் கடிகாரம். அவற்றின் நுண்ணிய வித்தியாசம் நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும்.

கேமராவுக்கு முன்னால் பதிவின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கைதட்டுங்கள். எடிட்டரில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, சத்தத்துக்கும் கை சேர்வதற்கும் எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் வேகத்தில் ஒரு ஃப்ரேம் சுமார் 33 மில்லிசெகண்ட்.

அப்புறம், என்ன மைக்? அறையில் வெளிச்சம் எப்படி?

பாடக்குறிப்பு:
புளூடூத் ஹெட்செட். வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான், ஸ்லைடு பளிச்சென்று தெரியட்டும் என்று விளக்கை அணைத்து வைத்திருந்தேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒலிப்பெட்டி:
இருக்கிறது. இருட்டில் பல வெப்கேம்கள் தாமாகவே ஃப்ரேம் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும், தாமதமும் கூடும். முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வையுங்கள்.

புளூடூத் மைக்கை விட்டுவிடுங்கள். அதன் தாமதம் நிலையாக இருக்காது. மைக் ஓடும்போது பல ஹெட்செட்களின் ஒலித்தரம் 16 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், பழைய தொலைபேசியில் பேசுகிற மாதிரி கேட்கும். மலிவான கம்பி மைக் இதைவிட எவ்வளவோ மேல். விண்டோஸ் சவுண்டிலும் ஓபிஎஸ் ஆடியோவிலும் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். பிறகும் விலகினால் மைக் சோர்ஸின் ப்ராபர்ட்டீஸில் 'யூஸ் டிவைஸ் டைம்ஸ்டாம்ப்ஸ்' டிக்கை மாற்றிப் பாருங்கள்.

பாடக்குறிப்பு:
சாளரத்தில் ஷோ அருமையாகப் பதிவாகிறது. நன்றி நிழல்உரு. கம்பி மைக், மேசை விளக்கு இரண்டையும் வைத்துக் கைதட்டிப் பார்த்தேன். தொடக்கத்திலும் 4 ஃப்ரேம், முடிவிலும் 4 ஃப்ரேம்.

ஒலிப்பெட்டி:
அப்படியானால் கூடுகிற நோய் போய்விட்டது. 4 ஃப்ரேம் என்றால் சுமார் 130 மில்லிசெகண்ட். அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராபர்ட்டீஸில் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டுக்கு 130 போடுங்கள். கூட்டல் எண், கழித்தல் இல்லை, குரலைத்தான் தாமதப்படுத்துகிறோம். பேசும்போது ஒலி அளவு மஞ்சள் பகுதியில் ஆடட்டும், சிவப்பைத் தொட வேண்டாம்.

நிழல்உரு:
பதிவை எம்கேவி வடிவில் எடுங்கள். சாதாரண எம்பி4 என்றால் நடுவில் மின்சாரம் போனாலோ கணினி உறைந்தாலோ மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பேசியது தங்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகும்.

வழிப்போக்கன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மேக்கிலும் எனக்கு ஸ்லைடு வரவில்லை, அங்கே இந்த கிராபிக்ஸ் பக்கமே காணோம்.

நிழல்உரு:
அங்கே அனுமதிதான் சிக்கலாக இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, ஸ்கிரீன் ரெக்கார்டிங் (புதிய மேக்ஓஎஸ்ஸில் 'ஸ்கிரீன் அண்ட் சிஸ்டம் ஆடியோ ரெக்கார்டிங்'). அங்கே ஓபிஎஸ்-ஐ ஆன் செய்து, ஓபிஎஸ்-ஐ முழுவதும் மூடித் திறங்கள். கேமராவுக்கும் மைக்குக்கும் தனித்தனி அனுமதி உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.