எஸ்டேட் பெண்களுக்கு ரத்தசோகை ஏன் தீரமாட்டேன் என்கிறது?

கேள்வி: ஏற்காடு காபித் தோட்டங்களில் வேலை செய்யும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், ஆனாலும் ரத்தசோகை திரும்பத் திரும்ப வருகிறது. மாத்திரை சரியில்லையா?

பதில் 1: மாத்திரை மேல் தப்பில்லை அக்கா. கழிப்பறை இல்லாத லைன் வீடு (தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடு), வெறுங்காலோடு ஈரமண்ணில் வேலை என்றால் கொக்கிப்புழு பாதம் வழியாக உடம்புக்குள் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும், அப்புறம் எத்தனை மாத்திரை போட்டு என்ன? வீடு, குடிநீர், கழிப்பறை எல்லாம் முதலாளி பொறுப்பு என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. முதலில் அதைக் கேளுங்கள்.

பதில் 2: சாப்பாட்டோடு காபி, டீ குடித்தாலும் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

பதில் 3: 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் முற்றிய பிறகு போகிறார்கள். 2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறதே, ரத்தப் பரிசோதனையும் லைன் வீட்டுக்கே வரவேண்டும் என்று கிராமசபையில் எழுதிக் கொடுங்கள்.