பவர் ஹிட்டர் என்பதற்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் தேவை)

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஃபிலடெல்ஃபியா:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். எங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளியின் பொங்கல் விழாவில் பெரிய பிள்ளைகள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். தலைப்பை அவர்களே பிடித்துக்கொண்டார்கள்: பேஸ்பால் ஆட்டக்காரர் கைல் ஷ்வார்பரை எங்கள் ஊர் ஃபில்லீஸ் அணி ஐந்து ஆண்டுக்கு 150 மில்லியன் டாலர் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டது சரியா, தவறா? 2025 டிசம்பரில் ஒப்பந்தச் செய்தி வந்ததிலிருந்து வகுப்பில் வேறு பேச்சே இல்லை. அழைப்பிதழ் வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், தலைப்பில் ‘பவர் ஹிட்டர்’ (பந்தை ஓங்கி அடித்து வேலி தாண்ட வைக்கும் ஆட்டக்காரர்) என்ற இடத்தில் வெற்றிடம்தான் இருக்கிறது. பேஸ்பாலுக்கு ‘அடிபந்தாட்டம்’ எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அப்படியே இருக்கட்டும் என்றும் முடிவு செய்துவிட்டோம்.

ஒரு மாணவி ‘அதிரடி ஆட்டக்காரர்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். எதிரணிப் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அதிரடி என்பது கிரிக்கெட்டில் வேகமாக ரன் குவிப்பது, ஷ்வார்பர் அப்படியில்லை, 2023இல் அவர் 47 ஹோம் ரன் அடித்தார், ஆனால் சராசரி .197தான் (அடிக்க நின்ற ஆயிரம் முறைக்கு 197 முறைதான் அடித்துத் தளம் சேர்ந்தார் என்ற கணக்கு), 215 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்காமலே அவுட், ஆனார், 126 முறை குறி தப்பிய நான்கு பந்துகளை விட்டுவிட்டுச் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போனார், இதில் அதிரடி எங்கே என்று கேட்கிறான். எனக்கு அவன் சொல்வது நியாயமாகப் படுகிறது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கோவை:

அம்மா, நம்மிடம் இல்லாத சொல்லா? தொல்காப்பியம் உரியியலில் ‘எறுழ் வலியாகும்’ என்று தனி நூற்பாவே இருக்கிறது. வலிமைக்கு இதைவிடத் திரண்ட சொல் கிடையாது. அடிப்பவர் ‘எறுழர்’, அந்த அடி ‘எறுழடி’. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் ‘எரிபுரை எறுழம்’ வருகிறதே, நெருப்பைப் போன்ற நிறமுள்ள பூ. வலிமைக்கும் அந்தப் பூவுக்கும் ஒரே வேரா என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். கோட்டைக் கதவின் குறுக்கே போடும் கணைய மரத்துக்கு ‘எழு’ என்று பெயர், வீரர்களின் தோளுக்குச் சங்கப் புலவர்கள் அதை உவமை சொல்வார்கள். எழு, எறுழ் இரண்டும் உறவு என்பது என் துணிபு. ஒரு பருத்த மரத்தைத் தோளுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, வணங்குகிறேன், ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளை ‘எறுழர்’ என்று மேடையில் எப்படிச் சொல்லும்? றுவும் ழ்வும் அடுத்தடுத்து வருகின்றன, இங்கே சென்னைப் பிள்ளைகளுக்கே நாக்கு புரளாது. விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் புழங்கும் வினை ஒன்று கையிலேயே இருக்கிறது: விளாசு. ‘சதம் விளாசினார்’, ‘பந்தை விளாசித் தள்ளினார்’ என்று படிக்காதவர் யார்? அப்படியானால் ‘விளாசுநர்’. ஓட்டுநர், நடத்துநர் போல.

விசிறி, நியூஜெர்சி:

விளாசுநர் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அச்சடிப்பவர் ‘விளாசுனர்’ என்று போட்டுவிடுவார், பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

போடக் கூடாது. பொருநர், மகிழ்நர், கொழுநர் எல்லாவற்றிலும் ‘ந’ இருப்பதைப் பார்த்த பிறகும் ‘இயக்குனர்’ என்று எழுதுகிறவர்களோடு நான் எத்தனையோ அலுவலகங்களில் சண்டை போட்டிருக்கிறேன். பெறுநர், அனுப்புநர் என்று அஞ்சல் உறையில் சரியாக எழுதும் அதே கை திரைப்பட விளம்பரத்தில் ஏன் ‘னர்’ போடுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ‘நர்’ வேண்டும், அவ்வளவுதான்.

இயற்பியல் ஆசிரியர், டொரண்டோ:

எல்லாருக்கும் வணக்கம். இந்தச் சொல்லின் தலைப்பகுதியை ஒருத்தரும் தொடவில்லையே. ‘பவர்’ என்றால் என்ன? தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அது ‘திறன்’. ‘திறன் அடிப்பாளர்’ என்றால் கெட்டிக்காரன் என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும். இலங்கையில் நாங்கள் படித்ததும் படிப்பித்ததும் விசை, சக்தி, வலு. பவர் என்பது வலு. வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்ற அளவு அது. மட்டை பந்தைத் தொடும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், அதற்குள் பந்தின் திசையைத் திருப்பி வேலிக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்றால் அது வலுத்தான், வெறும் பலம் இல்லை. எனவே ‘வலுவடியர்’.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் ‘வலு கெட்டிக்காரன்’, ‘வலு கவனம்’ என்று ‘மிகவும்’ என்ற பொருளிலும் வலுவைச் சொல்லுவோம். வலுவடி என்றால் கனக்க அடி என்றும் எங்களுக்குக் கேட்கும். இரண்டும் பொருந்துகிறது.

பட்டிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுடைய புளூ ஜேஸ் அணி 2025 ஏப்ரலில் விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 14 ஆண்டுக்கு 500 மில்லியன் கொடுத்தது. அவருக்கு அப்போது வயது 26. ஷ்வார்பர் 2026 மார்ச்சில் 33ஐத் தொடுகிறார். வலு எந்த வயதில் குறைய ஆரம்பிக்கும் என்பதுதான் பிள்ளைகள் வாதிட வேண்டிய விஷயம்.

பேராசிரியர், கோவை:

‘வலுவடியர்’ வேண்டாம் ஐயா. அடியர் என்றால் தொண்டர். அறுபத்துமூவர் நினைவுக்கு வந்துவிடுவார்கள். ‘வல்லடி’ என்று சுருக்கவும் முடியாது, வல்லடி வழக்கு என்றால் வம்புக்கு இழுப்பது.

விசிறி, நியூஜெர்சி:

நான் தமிழ் படித்தவன் இல்லை, ஃபில்லீஸ் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன். ஆனால் மேலே வந்த எல்லாச் சொல்லிலும் எனக்கு ஒரே குறை தெரிகிறது. எல்லாமே புகழ்ச்சி. எறுழர், வலுவடியர் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டால் ‘சரி’ அணி பேச ஆரம்பிப்பதற்கு முன்பே பாதி ஜெயித்துவிடும். பவர் ஹிட்டர் என்பது பட்டம் இல்லை, ஆடும் விதம். ஷ்வார்பரின் 2023ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டையோடு வந்து நின்றது 720 முறை. அதில் பாதிக்கு மேல் ஹோம் ரன், நடை, ஸ்ட்ரைக் அவுட் மூன்றில் ஒன்றாகவே முடிந்தது. களத்தில் நிற்கும் தடுப்பாளர்களுக்குப் பந்து போகவே இல்லை. அந்த விதத்தைச் சொல்லும் சொல் வேண்டும், தோற்கும்போதும் பொருந்த வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தோல்வி மறக்காது. ரையன் ஹவர்ட் 2006இல் 58 ஹோம் ரன் அடித்தார், இன்றைக்கும் ஃபில்லீஸ் அணியில் அதுதான் உச்சம். பழைய ஒப்பந்தம் இன்னும் முடியாதபோதே 2010 ஏப்ரலில் ஐந்து ஆண்டுக்கு 125 மில்லியன் கொடுத்தார்கள், அது 2012இல் தொடங்க வேண்டியது. 2011 பிளே ஆஃப் தொடரின் கடைசி ஆட்டத்தில், கடைசி அவுட்டாக ஓடும்போது அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அதன் பிறகு ஓர் ஆண்டில்கூட 25 ஹோம் ரன்னைத் தாண்டி அடிக்கவில்லை. பால்டிமோரில் கிறிஸ் டேவிஸ் இன்னும் மோசம். ஓர் ஆண்டு 53, இன்னோர் ஆண்டு 47 ஹோம் ரன் அடித்தவருக்கு 2016இல் ஏழு ஆண்டுக்கு 161 மில்லியன், 2018இல் சராசரி .168. இவர்களும் பவர் ஹிட்டர்கள்தானே? அதனால் ‘தூக்கியடிப்பவர்’ என்று வையுங்கள். தெருவில் ஆடிய எவருக்கும் புரியும், புகழ்ச்சியும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

காரணம் மிகச் சரி, சொல் சரியில்லை. ‘அதிகாரியைத் தூக்கியடித்தார்கள்’ என்றால் இங்கே தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினார்கள் என்று அர்த்தம். வீரர்களை அணிக்கு அணி மாற்றும் ஆட்டத்தில் இது பெரிய குழப்பம். ‘ஃபில்லீஸ் தூக்கியடித்த வீரர்’ என்று எவராவது எழுதினால் அவர் அணியில் இருக்கிறாரா, போய்விட்டாரா? விளாசுநரில் இந்தச் சிக்கல் வராது. பந்து பட்டால் விளாசல், படாவிட்டால் காற்றில் விளாசல். நீங்கள் கேட்ட நடுநிலை அதிலேயே இருக்கிறது.

ஆசிரியை, ஃபிலடெல்ஃபியா:

எல்லாருடைய மடலையும் வகுப்பில் படித்துக் காட்டினேன். ஹவர்டின் கதையைக் கேட்டதும் ‘தவறு’ அணி குதித்தது. உடனே ‘சரி’ அணித் தலைவி எழுந்து நின்றாள்: ஷ்வார்பர் நான்கு ஆண்டில் அடித்த ஹோம் ரன் 46, 47, 38, 56, மொத்தம் 187, 2025 ஆகஸ்ட் 28 அன்று அட்லாண்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு, 2025இல் ஒரு ஆட்டம்கூட விடாமல் 162ம் ஆடினார், ஹவர்டைப் போல முதல் தளத்தில் நின்று தடுக்கவும் வேண்டியதில்லை, 2022இல் ஃபில்லீஸ் ஆடும் தேசிய லீக்கிலும் அடிப்பதற்கென்றே தனி ஆள் வைக்கலாம் என்று விதி வந்த பிறகுதானே இவரையே எடுத்தார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாள். முழுக்கத் தமிழில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் சொல் விஷயத்தில் பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள். ‘விளாசுநர்’ என்று சொல்ல எளிதாக இருக்கிறது, ஆனால் பவர் எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். டொரண்டோ ஐயாவின் ‘வலு’ அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. எறுழர் என்று சொல்லிப் பார்த்தார்கள். பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், வரவில்லை.

இயற்பியல் ஆசிரியர், டொரண்டோ:

அடியரை விடுவோம் பிள்ளை. ‘வலுவடிப்பாளர்’ என்று போடலாம். தயாரிப்பாளர், படைப்பாளர் வரிசை, பக்திக்கு இடமில்லை. வலுவை இயற்பியல் பொருளில் எடுத்தால் அது புகழ்ச்சியும் இல்லை, வெறும் அளவு. நியூஜெர்சித் தம்பிக்கும் அது போதும் என்று நினைக்கிறேன்.

விசிறி, நியூஜெர்சி:

முழுத் திருப்தி இல்லை. வியாழக்கிழமை வரை என்னிடம் வேறு சொல்லும் இல்லை. சரி, போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

எட்டு எழுத்து! செய்தித்தாள் தலைப்பில் எங்கே இடம் இருக்கும்? அழைப்பிதழில் போட்டுக்கொள்ளுங்கள், நான் எழுதும் இடத்தில் விளாசுநர்தான்.

ஆசிரியை, ஃபிலடெல்ஃபியா:

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ‘33ஐத் தொடும் வலுவடிப்பாளருக்கு 150 மில்லியன்: தகுமா, தகாதா?’ மேடையில் பிள்ளைகள் விளாசுநர் என்றும் சொல்லலாம், பவர் ஹிட்டர் என்றும் சொல்லலாம், மதிப்பெண் குறையாது என்று சொல்லியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பேராசிரியர், கோவை:

மகிழ்ச்சி அம்மா. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்ல வராது என்பதற்காக விட்டால் தமிழில் ழகரமே மிஞ்சாது. பழகினால் வரும், தமிழ்ப்பள்ளி வைத்திருப்பதே அதற்காகத்தானே. அப்புறம், நீங்கள் இன்னும் ஸ்லக்கிங் பர்சன்டேஜுக்குச் சொல் கேட்கவில்லை. அடித்துச் சேர்ந்த மொத்தத் தளங்களை, அடிக்க நின்ற முறைகளால் (சும்மா நடந்தவை நீங்கலாக) வகுப்பது, ஷ்வார்பருக்கு 2023இல் .474 என்று விசிறித் தம்பி எனக்குத் தனிமடலில் கணக்குப் போட்டுக் காட்டினார். நூற்றுக்கு இத்தனை என்ற பேச்சே அதில் இல்லாதபோது விழுக்காடு என்றோ சதவீதம் என்றோ அதைச் சொல்லவே கூடாது. ‘தளவீதம்’ எப்படி?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

வீதமா, விகிதமா?