நெட் லேஸ் தைத்தால் அடியில் நூல் பந்தாகிறது. அவசரம்!

காகிதப்பூ (இரவு 9.40)
வணக்கம். கையால் கட்டிய நோட்டுகளின் அட்டைக்காக லேஸையும் துண்டுத் துணியையும் அடுக்கித் தைத்துச் சின்னக் கொத்துகள் செய்கிறேன், நடுவில் ஒரு பட்டன் வைத்து. நேற்று வரை நன்றாக வந்தது. இன்று தொடங்கியதுமே லேஸ் ஊசி ஓட்டைக்குள் போய்ச் சிக்குகிறது, அடியில் ஒரே நூல் பந்து. மூன்று லேஸ் கிழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோழி கல்யாணத்துக்கு 12 நோட்டு கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

ஊசிமுனை (9.52)
என்ன மெஷின்? மிதிப்பதா, கரண்டா? ஊசி எத்தனையாம் நம்பர்? எதுவுமே சொல்லவில்லையே.

நீலநூல் (9.58)
லேஸ் பருத்தியா, நைலானா? ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி உருண்டையானால் நைலானோ பாலியெஸ்டரோ. டீத்தண்ணீரில் போட்டுப் பழசு மாதிரி ஆக்கவும் பருத்தி நல்லது, பாலியெஸ்டரில் கறை சரியாகப் பிடிக்காது.

தையல்வாத்தியார் (10.05)
இதற்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அடியில் சிக்கினால் அடியில்தான் கோளாறு. அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் துடைக்கத் தெரியாதவர்கள் லேஸில் கை வைக்கக் கூடாது. முதலில் பழைய வேட்டியில் நேர்த்தையல் பழகுங்கள்.

காகிதப்பூ (10.11)
கரண்ட் மெஷின், ஜிக்ஜாக் வரும். ஊசி போன மாதம் ஜீன்ஸ் தைக்கப் போட்டது. லேஸ் நைலான் நெட். நேற்று கறுப்பு நூல், இன்றுதான் வெள்ளைக்கு மாற்றினேன். நெட் சரிவராவிட்டால் பாட்டியின் பட்டுப்புடவைக் கரையை வெட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

மாடித்தோட்டம் (10.14)
ஐயோ, வெட்டாதீர்கள்!

ஊசிமுனை (10.20)
இப்போது புரிகிறது. வாத்தியார் ஐயா, அடியில் பந்தாவது பெரும்பாலும் மேல்நூல். காகிதப்பூ, நூல் மாற்றும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கியே வைத்திருந்தீர்களா? அப்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது. ஃபுட்டைத் தூக்கி, முதலிலிருந்து நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் இழுத்துப் பிடியுங்கள்.
அப்புறம் அந்த ஜீன்ஸ் ஊசி 16 ஆக இருக்கும். நெட்டுக்கு 11 போதும், புதிதாகப் போடுங்கள்.

நீலநூல் (10.27)
ஜிக்ஜாக் மெஷினில் ஊசித் தட்டின் ஓட்டை அகலம். அதனால்தான் நெட் உள்ளே போகிறது. லேஸுக்கு அடியில் ஒரு காகிதம் வைத்துச் சேர்த்துத் தைத்து, அப்புறம் கிழித்துவிடுங்கள். நான் செய்தித்தாள் வைப்பேன்.

மாடித்தோட்டம் (10.30)
செய்தித்தாள் மை வெள்ளை லேஸில் ஒட்டும். பட்டர் பேப்பர் வையுங்கள்.

தையல்வாத்தியார் (10.34)
பஞ்சைத் துடைக்காமல் எந்தக் காகிதம் வைத்தும் பயனில்லை.

மாடித்தோட்டம் (10.41)
புடவை விஷயத்துக்கு வருகிறேன். பழைய பட்டில் அசல் ஜரிகையாக இருந்தால் அது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளிக்காகவே பழைய புடவையை விலைக்கு எடுக்கிறார்கள். நோட்டு அட்டைக்கா அதை வெட்டுவது?

நீலநூல் (10.46)
விற்றால் உருக்கிவிடுவார்கள். பீரோவில் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். என் அம்மாச்சியின் புடவை அப்படித்தான் போயிற்று, கையில் எடுத்ததும் பொடிந்தது. நாலு பேர் நோட்டில் ஒரு விரல் அகலமாவது இருந்தால் தினமும் தொட்டுப் பார்ப்பார்கள்.

மாடித்தோட்டம் (10.50)
வீட்டில் மற்றவர்களைக் கேட்காமல் வெட்டக் கூடாது என்கிறேன். பாட்டி அவருக்கு மட்டுமா பாட்டி?

நீலநூல் (10.53)
கேட்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். இற்ற பகுதியை மட்டும் எடுக்கலாமே.

ஊசிமுனை (10.58)
கேட்டவருக்கு இன்னொன்று. கொத்தை நேராக அட்டைக் காகிதத்தில் தைப்பதென்றால் தையல் நீளத்தை 3 முதல் 4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். நெருக்கித் தைத்தால் ஓட்டை வரிசையாகி, காகிதம் அந்த இடத்தில் கிழியும். காகிதம் ஊசியை மழுக்கும், அதற்குப் பழைய ஊசியே போதும். ஒட்டுவதாக இருந்தால் பின்பக்கம் ஒரு கெட்டித் துணி வைத்துத் தையுங்கள். நெட்டில் பசை முன்னால் கசிந்து பளபளக்கும்.

காகிதப்பூ (மறுநாள் பகல் 1.15)
ஃபுட்டை இறக்கி வைத்துத்தான் கோத்திருக்கிறேன். 11 ஊசி, பட்டர் பேப்பர். பஞ்சும் கொஞ்சம் இருந்தது, துடைத்தேன். ஏழு முடிந்தது. புடவையைப் பற்றிப் பெரியம்மாவிடம் போனில் கேட்டேன், தனக்கு வேண்டும் என்றார். நன்றி, மீதியைத் தைக்கப் போகிறேன்.